மிளகாய்க் கடை ஆமினா பீவிக்கு இறுக்கவும் இளக்கவும் கற்றுத் தந்த தாதி சந்திரமதி அம்மையாருக்கு

சிங்கப்பூர் சிராங்கூன் சாலைத் தாய் சேய் நல நிலையத்தின் சீர்மிகு தலைமைத் தாதியே! வெள்ளுடை உடுத்து வந்த விடியலே! ஊசியைக் கண்டதும் ஊரைக் கூட்டும் பிள்ளைகளை உள்ளங்கைச் சர்க்கரையால் ஊமையாக்கியவரே! தொட்டிலில் கிடந்தவரின் தொப்புளையும் தோல் சுருங்கியவரின் துயரத்தையும் ஒரே துணிவோடு தொட்டவரே! பெறப் போகிறவளைப் பெற்றவள்போல் பார்த்து, பெற்று முடித்தவளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்த பெருந்தகையே! சந்திரமதி அம்மையாரே!

வணக்கம் என்று ஒரு சொல்லில் நிறுத்த மனம் ஒப்பவில்லை. வாழ்த்து என்று தொடங்கினால் வாய் ஓயப் போவதில்லை. கேசரி ஆறிப்போகிறது என்று தாங்கள் கண்ணைக் காட்டினால் வழக்கமாக உடனே அடங்கிவிடுவோம். இன்று ஒரு நாள் மட்டும் காட்டினாலும் பார்க்கப் போவதில்லை.

தாங்கள் தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்த காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் மாட்டுக் கொட்டிலும் மண் பாதையும்; ஓய்வு பெறும் இந்த 1967இல் மாடி மேல் மாடி. இடையில் ஜப்பான்காரன் வந்தான், போனான். மரவள்ளிக் கிழங்கே உணவாக மெலிந்து கிடந்த தாய்மார்களின் பிள்ளைகளை மண்ணெண்ணெய் விளக்கொளியில் ஏந்தினீர்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, மீசை முளைத்து, மாலை மாற்றி, தம் பிள்ளைகளைத் தங்களிடமே தடுப்பூசிக்குத் தூக்கி வந்தார்கள். பால் மாவு கரைத்துக் கொடுத்ததும், பெரியம்மை குத்தியதும், வீடு வீடாகப் படியேறியதும் ஆகிய அருஞ்செயல்களை மேலிடத்து அதிகாரி சற்று முன் ஆங்கிலத்தில் அழகாக எடுத்துச் சொல்லி அமர்ந்துவிட்டார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அது புதன்கிழமைப் பிற்பகல்.

புதன்கிழமை என்றதும் முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள் என்பதும், பின்வரிசை ஆண்கள் தத்தம் செருப்பை ஆராயத் தொடங்குவார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆராய வேண்டாம், ஐயாமார்களே. தும்மினால், இருமினால், சிரித்தால், சுமை தூக்கினால் சிறுநீர் கசிகிற தொல்லை பிள்ளை பல பெற்று வயதேறிய பெண்களில் பலருக்கு இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கலாம். உங்களுக்குத் தெரியாமல் இருப்பதற்காகவே அவர்கள் சிரிப்பதைக் குறைத்திருக்கலாம். அந்தத் தொல்லைக்கு மருந்து புட்டியில் இல்லை, பயிற்சியில் இருக்கிறது என்று இந்தக் கடைத்தெருவுக்குக் காட்டியவர் இதோ, மாலையின் கனம் தாங்காமல் நெளிந்துகொண்டு அமர்ந்திருக்கிறார்.

கதைக்கு உரியவரான கேம்பெல் லேன் மிளகாய்க் கடை ஆமினா பீவியிடம், பெயரை மறைத்துச் சொல்லட்டுமா என்று மரியாதையாகக் கேட்டோம். அவர் கொடுத்த பதிலை அப்படியே தருகிறோம். "பேர் போடாம சொன்னீங்கன்னா தெருவுல இருக்கிற பொம்பளைங்க அத்தன பேரையும் சந்தேகப்படுவாங்க. எதுக்கு? என் பேரைப் போட்டே படிங்க லா."

ஆகவே பெயரைப் போட்டே படிக்கிறோம்.

1958ஆம் ஆண்டின் தொடக்கம். கேம்பெல் லேனில் நெய்னா முகம்மது அவர்களின் கடைக்கு முன்னால் மல்லியும் மிளகாயும் சீரகமும் மூட்டை மூட்டையாகத் திறந்திருக்கும். பின்னால் மிளகாய் அரைக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். நெய்னா முகம்மது துறைமுகத்துக்கும் மொத்தக் கடைகளுக்கும் அலைவார். கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பவர் அவர் மனைவி ஆமினா பீவி. ஒரு கை மல்லி வாங்க வந்தவரை ஒரு பை மல்லியோடு அனுப்பிவைக்கும் நாவன்மை அவருக்கு உண்டு. போகிறவர் பீவியை ஏமாற்றிவிட்ட மகிழ்ச்சியோடுதான் போவார்.

அவர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்து யாரும் பார்த்ததில்லை. முதலாளியம்மா யாருக்காகவும் எழுந்திருக்க மாட்டார் என்று ஊர் அதைக் கௌரவமாக எடுத்துக்கொண்டது. உண்மை வேறு. எழுந்தால் கசியும். அதனால் முக்காலியின் மேல் பழைய கைலிகளை மடித்துப் போட்டு, கறுப்பும் கருநீலமுமாக உடுத்திக்கொண்டு, கடைசி வாடிக்கையாளர் முதுகைக் காட்டும்வரை அசையாமல் இருப்பார். நாள் முழுக்க மிளகாய் அரைபடும் கடையில் தும்மவே கூடாத ஒரு பெண் எப்படி வியாபாரம் செய்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். மூக்கைத் தேய்ப்பார், உதட்டைக் கடிப்பார், அப்படியும் தும்மல் வந்துவிட்டால் கல்லாப்பெட்டியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு கால் மேல் கால் போட்டுக்கொள்வார். தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்து நின்றால், ஒரு இருமலில் ஒளு முறியும். மறுபடி கழுவ வேண்டும். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தார். முழுதாகத் தெரிந்துகொள்ள மார்க்கம் கற்ற ஓர் ஆலிமிடம் வாய் திறக்க வேண்டுமே. திறக்கவில்லை. நோன்பு மாதம்தான் அவருக்கு நிம்மதி மாதம். தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கு அப்போது யாரும் காரணம் கேட்பதில்லை.

இத்தனைக்கும் மேல் ஒரு பாரம் இருந்தது. மனைவியோடு ஹஜ்ஜுக்குப் போக வேண்டும் என்பது நெய்னா முகம்மதுவின் ஆசை. ஒவ்வோர் ஆண்டும் கப்பல் காலம் வந்ததும் கேட்பார். ஒவ்வோர் ஆண்டும் ஆமினா பீவி, கடையை யார் பார்ப்பது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார். வாரக்கணக்கில் கப்பலில், நூற்றுக்கணக்கான பெண்களுக்கு நடுவில், மாற்றுத் துணி அலசக்கூட மறைவில்லாத இடத்தில் இந்த ஈரத்தோடு எப்படி இருப்பது என்ற பயம் அவருடைய நெஞ்சுக்குள் இருந்தது. கணவருக்குத் தெரிந்ததெல்லாம் கடை என்ற சாக்கு ஒன்றுதான். கூட்டாளிகளிடம் அவர் மனம் கசந்து சொன்ன ஒரு சொல் சுற்றிக்கொண்டு வந்து பீவியின் காதில் விழுந்தது. "கல்லாப்பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கப்பல்ல ஏற முடியாதேன்னு பாக்குறா."

பீவி மறுக்கவில்லை. ஈரக்காரி என்று தெரிவதைவிடப் பேராசைக்காரி என்று பெயரெடுப்பது மேல் என்று கணக்குப் போட்டார்.

அந்த ஆண்டு நெய்னா முகம்மது கேட்கவே இல்லை. இரண்டு பேருக்கும் கப்பலில் இடம் பிடித்துவிட்டு வந்து சொன்னார். நீ வராவிட்டால் நானும் போகவில்லை, இன்னொரு வருஷம் போக எனக்குத் தெம்பு இருக்காது என்றார். நோன்புப் பெருநாள் கழித்துக் கப்பல். மூன்று மாதமும் சில்லறையும் இருந்தது.

இந்த இடத்தில்தான், அம்மையாரே, கறித்தூளுக்கு மல்லி வாங்கத் தாங்கள் அந்தக் கடைக்குள் கால் வைத்தீர்கள். பின்னால் ஒரு மூட்டை மிளகாயைக் கொட்டினார்கள். கடையில் இருந்த அத்தனை பேரும் தும்மினார்கள், தாங்கள் உட்பட. ஆனால் தும்மிக்கொண்டே ஒரு தாதியின் கண் எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே பார்த்தது. கல்லாப்பெட்டியைப் பற்றிய விரல்களைப் பார்த்தது. பின்னிக்கொண்ட கால்களைப் பார்த்தது. மற்றவர்கள் போகும்வரை மல்லியை மோந்து பார்ப்பதுபோல் நின்று, குனிந்து, மெதுவாகக் கேட்டீர்கள்.

"எவ்வளவு காலமா பீவிம்மா?"

"மல்லி வெல கேக்க வந்தீங்களா, வேற ஏதும் கேக்க வந்தீங்களா மிஸ்ஸி?"

"ரெண்டும்தான். மல்லிக்கு நீங்க சொல்ற வெலையக் குடுத்துடுறேன். மத்ததுக்குப் பதில் சொல்லுங்க."

சொன்ன விலையைக் கொடுக்கிறேன் என்கிறவரை நம்பக் கூடாது என்பது கடைத்தெருவில் எல்லாரும் அறிந்தது. பீவி தங்களை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் தராசைத் துடைத்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"கடைசிப் புள்ள பொறந்ததுலேருந்து."

அந்தக் கடைசிப் பிள்ளை தாடி வைத்துக்கொண்டு பின்னால் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் குடையைத் தாழ்த்திப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டு பீவி நம் நிலையத்துக்கு வந்தார். பிள்ளைகளை எடை பார்க்கும் பின்னறையில், பச்சைத் திரைக்கு அப்பால், தாங்கள் அவருக்கு விளக்கியதைப் பிறகு பல நூறு முறை நாங்கள் கேட்டிருக்கிறோம். இடுப்புக்கூட்டின் அடியில் தூளிபோல ஒரு தசை கட்டியிருக்கிறது. மூத்திரப்பையையும் கருப்பையையும் அதுதான் தாங்குகிறது. பிள்ளை பெற்றுப் பெற்றுத் தூளி தொய்ந்துவிடுகிறது. தொய்ந்ததைத் திரும்பக் கட்டலாம். எப்படி? காற்றை அடக்குவதுபோலப் பின்பக்கத்தையும், சிறுநீரை அடக்குவதுபோல முன்பக்கத்தையும் சேர்த்து மூடி உள்ளே மேலே இழுக்க வேண்டும். வயிறு இறுகக் கூடாது, தொடை இறுகக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. அப்போதும் பீவிக்குப் பிடிபடவில்லை. தாங்கள் அவர் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைக் காட்டி, இதன் கயிற்றை இழுத்தால் வாய் எப்படிச் சுற்றிலும் ஒன்றுபோலக் கூடி உள்ளே போகிறதோ அப்படி என்றீர்கள். உடனே பிடிபட்டது. முகத்தில் ஒன்றும் தெரியாமல், உட்கார்ந்த இடத்தில், உலகில் யாருக்கும் தெரியாமல் செய்யக்கூடிய ஒரு காரியம். வியாபாரியின் மனைவிக்கு இதைவிடப் பிடித்தமான மருந்து ஏது?

எத்தனை காலத்தில் சரியாகும் என்று கேட்டார். மூன்று மாதம் ஆகும், ஓரளவு தேறும் என்றீர்கள். ஒரு மாதம் போடுங்கள் என்றார். மூன்று என்றீர்கள். சரி, தங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், இரண்டு என்றார். மூன்று என்றீர்கள். ஒத்துக்கொண்டவர்போலத் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். விற்பவர் விட்டுக்கொடுக்காவிட்டால் வாங்குபவர் வேறு வழி பார்ப்பார் என்பதைத் தாங்கள் அன்று மறந்துவிட்டீர்கள்.

பீவி பார்த்த வழி இதுதான். சுருக்குப் பையைச் சுருக்கினால் அவிழ்ப்பது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை. சிறிது நேரம் இறுக்கினால் மூன்று மாதத்தில் குணம் என்றால், நாள் முழுக்க இறுக்கினால் ஒரு மாதத்தில் குணமாக வேண்டும் அல்லவா? விடியற்காலைத் தொழுகைக்கு முன் இறுக்கினார். இரவு படுக்கும்வரை விடவில்லை. விற்கும்போதும் இறுக்கம், வாங்கும்போதும் இறுக்கம், சோறு தின்னும்போதும் இறுக்கம். முகத்தில் தெரியாது என்றது பொய்த்துப் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்த வாடிக்கையாளர்கள், ஏதோ விலை ஏறப் போகிறது, பீவிக்குத் தகவல் வந்துவிட்டது என்று பயந்து, பேரமே பேசாமல் அள்ளிக்கொண்டு போனார்கள். கடை தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு வியாபாரம் நடந்ததில்லையாம். கூடவே இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்தார். காலையில் அரைக் கோப்பைத் தேநீர், அதோடு தண்ணீரை நிறுத்திக்கொண்டார். உள்ளே போகாதது வெளியே எப்படி வரும்?

வந்தது. ஹஜ்ஜுப் பயணிகளுக்கு அம்மை, காலரா ஊசி போடும் இடத்தில் பெண்கள் வரிசை நீண்டு நின்றது. எதிர்ப்பக்கம் ஆண்கள் வரிசையில் நெய்னா முகம்மது. நாளெல்லாம் இழுத்துப் பிடித்திருந்த தசை, நின்ற நிலையில், ஒரு சின்ன இருமலில் கையை விரித்துவிட்டது. முன்பெல்லாம் துளியாகப் போனது அன்று ஓடையாகப் போயிற்று. சிமென்ட் தரை. பீவியின் மூளை அந்த நேரத்திலும் வேலை செய்ததை நாங்கள் மெச்சுகிறோம். பக்கத்தில் நின்ற பெண்ணின் தண்ணீர்ச் செம்பை முழங்கையால் தட்டிவிட்டு, ஐயையோ என் கண்ணு அவிஞ்சு போச்சே என்று தன்னையே திட்டிக்கொண்டு, தரையில் இருந்த இரண்டு நீரையும் ஒன்றாக்கிவிட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்ததே, அது போதாதா?

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், நீங்கள் மட்டும் போய் வாருங்கள் என்றார். நெய்னா முகம்மது அன்று கடைக்குப் போகவில்லை. கோபமாகவும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கப்பல் ஏஜெண்டிடம் போய் இரண்டு இடத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். ஒன்றை மட்டும் அல்ல, இரண்டையும். மனிதருக்கு அறுபத்தைந்து நெருங்குகிறது. அந்த இடத்தைத் திருப்பினால் அவருடைய ஹஜ்ஜையே திருப்பியதாகும் என்று பீவிக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலையில் அவர் தங்கள் முன் வந்து நின்றார். குடைகூடப் பிடிக்கவில்லை.

"சரக்கு சரியில்ல மிஸ்ஸி. நீங்களே திருப்பி எடுத்துக்குங்க."

வேறு யாராக இருந்தாலும் கோபித்திருப்பார்கள். தாங்கள் கோபிக்கவில்லை. படுக்கச் சொன்னீர்கள். அடிவயிற்றில் கை வைத்தீர்கள். அம்மிக்கல்போல இருந்தது.

"இப்ப இறுக்கிக்கிட்டா இருக்கீங்க?"

"காலையிலேருந்து."

"நேத்து?"

"நேத்தும்தான்."

"எப்ப விடுவீங்க?"

"எதுக்கு விடணும்?"

அப்போதுதான் தங்களுக்கு விளங்கியது. கையை நாள் முழுக்க மூடியே வைத்திருந்தால் அது வலுவாகாது, மரத்துப் போகும். மூட வேண்டும், முழுசாக விட வேண்டும், ஆற வேண்டும், மறுபடி மூட வேண்டும். விடுவதுதான் இதில் பாதி வேலை என்று எடுத்துச் சொன்னீர்கள். பீவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று.

"விட்டா போயிடுமே மிஸ்ஸி."

ஊரையே பேச்சால் மடக்குகிற ஒரு பெண்மணி சின்னப் பிள்ளைபோலச் சொன்ன அந்தச் சொல்லைத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவர்கள் எங்களில் இருவர் இன்றும் இருக்கிறார்கள். தாங்கள் கதவைத் தாழிட்டீர்கள். ரப்பர் விரிப்பை எடுத்து அவருக்கு அடியில் விரித்தீர்கள். பீங்கான் பேசினைக் கட்டிலருகே வைத்தீர்கள். தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு சொன்னீர்கள்.

"போனா போகட்டும். தெனம் எத்தன புள்ளைங்க இந்த ரூமுல போகுது. உங்களுதயும் சேத்துத் தொடச்சுட்டுப் போறேன். விடுங்க."

பீவி கண்ணை மூடிக்கொண்டார். முதலில் தாடை இளகியது. பிறகு தோள். பிறகு கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக. இருபது ஆண்டுக்கு மேல் பிடித்து வைத்திருந்ததை விடுகிற பெண்ணின் மூச்சு அறை முழுக்கக் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. வெளியே யாரோ ஒரு பிள்ளை ஊசிக்கு அழுதது.

"போகல," என்றார் பீவி.

"என்ன போகல?"

"ஒண்ணும் போகல மிஸ்ஸி."

தோளில் போட்ட துண்டு அவருடைய கண்ணைத் துடைக்கப் பயன்பட்டது.

இதோடு நிறுத்தியிருந்தால் தாங்கள் நல்ல தாதி. மேலே போனதால்தான் இந்த மடல். படுத்த நிலையில் நிற்பது எளிது, நின்றுகொண்டு தும்மும்போது நிற்பதற்குத்தான் மாதங்கள் வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னீர்கள். தண்ணீரை நிறுத்தினால் சிறுநீர் காரமாகி, பை இன்னும் கோபித்துக்கொள்ளும் என்று கடிந்து, எதிரே நின்று ஒரு தம்ளர் நிறையக் குடிக்கவைத்தீர்கள். பிறகு, இதைக் கணவரிடம் சொல்லுங்கள் என்றீர்கள். அதைவிடக் கடலில் விழுந்துவிடலாம் என்றார் பீவி. தாங்கள் விடவில்லை. "தச தேற மூணு மாசம் ஆகும் பீவிம்மா. வெள்ளிக்கெழமைக்குள்ள தேறக்கூடியது நாக்கு ஒண்ணுதான்."

வெள்ளிக்கிழமை நெய்னா முகம்மது குளித்து, வெள்ளை உடுத்தி, தொப்பியைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார். பீவி கடையின் பின்கட்டில் மூட்டைகளுக்கு நடுவில் அவரை மறித்து நின்றார். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், கடைசியில் சொல்ல வேண்டியதையே முதலில் சொல்லிவிட்டார்: நான் வராதது கடைக்காக இல்லை. பிறகு மிச்சம் எல்லாம் தானாக வந்தது. தும்மல், கைலி, கறுப்புச் சேலை, ஊசி வரிசை, தண்ணீர்ச் செம்பு. நெய்னா முகம்மது ஒரு மல்லி மூட்டையின் மேல் மெல்ல உட்கார்ந்தார். வெகுநேரம் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"கப்பல்ல கக்கூஸுக்குப் பக்கத்துல எடம் வேணும்னு ஏஜெண்ட்டுகிட்ட மல்லாடி வாங்கினேன். எதுக்குன்னு நெனச்ச?"

"காத்து வரும்னு."

"கக்கூஸ்லேருந்தா? எனக்குத்தான், புள்ள. ராத்திரியில எந்திரிச்சு எந்திரிச்சு ஓடுறேனே, உனக்குத் தெரியாதா?"

"தஹஜ்ஜத் தொழுவறீங்கன்னு நெனச்சேன்."

இரவுத் தொழுகைக்கு எழும் பக்திமானாகக் கணவரை மனைவியும், கல்லாப்பெட்டியைப் பிரியாத பேராசைக்காரியாக மனைவியைக் கணவரும் இத்தனை காலம் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இருவரும் சிரித்த சிரிப்பில் முன்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரித்ததில் பீவிக்குக் கொஞ்சம் போயிற்று. அவர் கவலைப்படவில்லை. இடம் திருப்பப்படவில்லை. ஜும்ஆவுக்கு மட்டும் தாமதமாயிற்று.

அதன் பிறகு நடந்தது முறையான பயிற்சி. இறுக்கினார், விட்டார், ஆறினார், இறுக்கினார். பழைய குணம் தலையெடுத்து முகம் கடுகடுக்கும்போதெல்லாம் நெய்னா முகம்மது தூரத்திலிருந்தே "விடு, விடு" என்பார். முதலாளியே விட்டுக்கொடுக்கச் சொல்கிறார் என்று வாடிக்கையாளர்கள் விலையைக் குறைத்துக் கேட்க ஆரம்பித்தார்கள். முன்னே இறுக்கத்தில் வந்த லாபம் எல்லாம் இளக்கத்தில் போயிற்று என்று பீவி இன்றும் குறைபட்டுக்கொள்வார். நோன்பு வந்தது, பெருநாள் வந்தது. பெருநாளுக்கு முந்தின வாரம் பின்கட்டில் மிளகாய் அரைத்தபோது நின்றபடியே மூன்று தும்மல் தும்மினார். ஒரு சொட்டும் இல்லை. கடையை அப்படியே போட்டுவிட்டுத் தங்களிடம் ஓடி வந்தார். ஆமினா பீவி தெருவில் ஓடியதை ஊர் அன்றுதான் பார்த்தது. ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று இரண்டு பேர் வாளியோடு பின்னால் ஓடி வந்தார்கள்.

கப்பலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மேல்தளத்தில் விரித்த பாய்களில் ஜொகூர்ப் பெண்களும் ஜாவாப் பெண்களும் இருந்தார்கள். யார் கறுப்பு உடுத்துகிறார்கள், யார் தண்ணீரைத் தவிர்க்கிறார்கள், யார் தும்மலுக்குக் காலைப் பின்னுகிறார்கள் என்று பீவிக்கு ஒரே நாளில் தெரிந்துவிட்டது. சந்தை மலாயில் வகுப்பு எடுத்தார். "கெங்காம்" என்றால் பிடி, "லெப்பாஸ்" என்றால் விடு. கடலைப் பார்த்தபடி ஒரே வரிசையில் ஆழ்ந்த முகத்தோடு அமர்ந்திருந்த பெண்களைப் பார்த்துக் கப்பல் மருத்துவர், இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கடல் மயக்கமா என்று மாத்திரையோடு வந்துவிட்டாராம்.

ஹாஜியம்மாவாகத் திரும்பி வந்தவர் மிளகாய்த் தூளோடு இந்த யோசனையையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அப்படிப் பிறந்ததுதான் நம் புதன்கிழமை வகுப்பு. இது தாய்க்கும் சேய்க்கும் உரிய நிலையம், சேய் இல்லாத தாய்மாருக்கு இங்கே என்ன வேலை என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று, வந்த பெண்கள் பக்கத்து வீட்டுக் குழந்தையை இரவல் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். பூக்கட்டும் பூவம்மா கொண்டுவந்த ஒரே குழந்தை ஒரே பிற்பகலில் நான்கு பேர் இடுப்பில் மாறி மாறி உள்ளே வந்து நான்கு முறை எடை பார்க்கப்பட்டது. தாங்கள் அதைக் கண்டும் காணாதவர்போல, பிள்ளை நன்றாகத் தேறி வருகிறது என்று நான்கு பேரிடமும் சொன்னீர்கள். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்குப் போகிறது. வகுப்பும் நிற்கவில்லை. இந்து, முஸ்லிம், சீனர், மலாய்க்காரர் என்ற பேதமின்றி, தும்மலுக்குப் பயந்தோர் அனைவரும் வருக என்று தாங்கள் திறந்த கதவை நாங்கள் மூடப் போவதில்லை.

இனி ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறோம். மக்காவிலிருந்து திரும்பியதும் ஆமினா பீவி தங்களிடம் மட்டும் சொன்னது இது. சபையில் சொல்லவும் அவரே அனுமதி தந்திருக்கிறார்.

நல்ல வெயில். கஅபாவைச் சுற்றி முடித்து ஜம்ஜம் புனித நீருக்குக் கூட்டம் நெருக்கியது. நீர் வழங்குபவர் நிரம்பிய கிண்ணத்தை நீட்டினார். அடுத்தது ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே நெடுநேரம் நடக்க வேண்டிய நடை. நெய்னா முகம்மது, பாவம், அக்கறையில், "கொஞ்சமா குடி ஆமினா" என்றார். பீவி கிண்ணத்தை இரு கையாலும் வாங்கினார். கடைசித் துளிவரை குடித்தார். இன்னொன்று கேட்டார். அதையும் குடித்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, கணவர் முந்தானையை இழுக்க, மூன்றாவதையும் வாங்கிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"இருபது வருஷத் தாகங்க. இருங்க, குடிச்சுட்டு வர்றேன்."

குடித்துவிட்டு வந்தார். நடந்தார். முதல் நடையிலிருந்து கடைசி நடைவரை உலர்ந்த உடையோடு, நிமிர்ந்த முதுகோடு, கணவரைக் காத்திருக்கவைக்காமல் நடந்தார். பாதி வழியில் ஒதுங்க வேண்டியிருந்தது அவருக்கு அல்ல.

அம்மையாரே! பாராட்டு என்று பட்டாடை போர்த்தவும், பரிசு என்று பாத்திரம் நீட்டவும் எங்களால் முடியும். ஆனால் ஒரு பெண்ணுக்குத் தாகத்தைத் திருப்பிக் கொடுத்தவருக்கு ஈடாக எதைக் கொடுப்பது? ஆகவே வாழ்த்து ஒன்றே தருகிறோம். குவீன்ஸ்டவுனில் தாங்கள் குடிபுகும் ஏழாம் மாடி வீட்டில் காற்று தாராளமாகட்டும். மின்தூக்கி பழுதானாலும் முழங்கால் பழுதாகாதிருக்கட்டும். பசி நேரத்துக்கு வரட்டும், உறக்கம் கேட்காமலே வரட்டும். வாய்விட்டுச் சிரிக்க நாள்தோறும் ஒரு காரணமும், சேர்ந்து சிரிக்க ஆட்களும் கிடைக்கட்டும். முதுமை தங்கள் வாசலுக்கு வரும்போது, தாங்கள் எத்தனையோ பெண்களிடம் காட்டிய அதே மரியாதையோடு அது செருப்பைக் கழற்றிவிட்டு, அனுமதி கேட்டு, மெதுவாக உள்ளே வரட்டும்.

தங்களிடம் திட்டு வாங்கித் திருந்தியும், தங்கள் சிரிப்பைக் கண்டு பணிக்கு வந்தும் பழகிய,

சிராங்கூன் சாலைத் தாய் சேய் நல நிலையத்துத்
தாதியர், மருத்துவச்சிகள், மருந்து கலப்போர், துப்புரவுப் பணியாளர்,
மற்றும் புதன்கிழமைப் பெண்கள் அனைவரும்

சிங்கப்பூர், 1967